மேட்டு மனையின் கணக்கு

மழைக்காலம் முடிந்த கையோடு தாம்பரத்தைச் சுற்றி வரும் மனை விளம்பரங்களைக் கவனித்தால் ஒரு மாற்றம் தெரியும். ரயில் நிலையம் எத்தனை நிமிடம், பள்ளிக்கூடம் எத்தனை நிமிடம் என்பதற்கெல்லாம் முன்னால் மனையின் உயரம் வந்து நிற்கிறது. சாலையைவிட மூன்றடி மேல், நான்கடி மேல், தண்ணீர் தேங்காது, புதரோ மரமோ பாறையோ கிடையாது, நாளையே கடைக்கால் தோண்டலாம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இந்தப் பேச்சு வலுத்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு இன்னும் வலுத்தது. பொறியாளர்களில் பலரும் இதை வரவேற்கிறார்கள். நிலத்தை முறையாகத் துப்புரவு செய்து, மட்டப்படுத்தி, உயர்த்தி விற்பதுதான் பொறுப்புள்ள மனை மேம்பாடு, வெள்ளத்திலிருந்து தொழில் பாடம் கற்றுக்கொண்டது என்பது அவர்கள் வாதம். அந்த வெள்ளத்திலிருந்து கற்றிருக்கக் கூடாத ஒரே பாடம் இதுதான் என்பது என் நெடுநாள் எண்ணம்.

நிலத்தைத் துப்புரவு செய்யாமல் வீடு கட்ட முடியாது. சீமைக் கருவேலம் மண்டிய இடத்தில் எல்லைக்கல்லைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. வாங்குகிறவர் தன் கிரவுண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காலால் நடந்து பார்க்க வேண்டும், பாம்புக்கும் முள்ளுக்கும் பயப்படாமல். பத்து ஆள் ஒரு வாரம் வெட்டிய புதரைப் பொக்லைன் ஒரே நாளில் எடுத்துவிடுகிறது. அனுமதி முறையும் சீர்பட்டிருக்கிறது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவைத் தடுத்த பிறகு, வயலில் சுண்ணாம்புக் கோடு போட்டு விற்ற காலம் பெருமளவுக்கு முடிந்தது. 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடிவரை கட்டுபவர்களுக்கு 2024 ஜூலை முதல் சுயசான்றின் பேரில் உடனடி அனுமதி கிடைக்கிறது. சிறுகச் சிறுகச் சேர்த்து வீடு கட்டுபவர்களுக்கு இது உண்மையான நிம்மதி. தாழ்ந்த இடத்தில் வாங்கியவர் தன் வீட்டுக்குள் தண்ணீர் வரக் கூடாது என்று நினைப்பதிலும் குற்றம் காண ஒன்றுமில்லை.

என் மறுப்பு மண் அடிப்பதைப் பற்றியது.

ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. அதை மூன்றடி உயர்த்த 7,200 கன அடி மண் வேண்டும். லாரிக்காரர்கள் கணக்கில் 72 யூனிட். அவ்வளவு மண் நின்ற இடத்தில் முன்பு இரண்டு லட்சம் லிட்டர் தண்ணீர் நின்றிருக்கலாம். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்த ஊழிமழை ஒரு கிரவுண்டின் மேல் கொட்டிய மொத்தத் தண்ணீரே ஏறத்தாழ ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் லிட்டர்தான். அதாவது, தாழ்ந்த ஓர் இடத்தில் மூன்றடி மண் அடிப்பவர், தன் மனையில் விழுந்த மழையை மட்டும் வெளியே தள்ளவில்லை. அக்கம்பக்கத்திலிருந்து வந்து அங்கே நின்றிருக்கக்கூடிய இன்னொரு மடங்குத் தண்ணீரையும் சேர்த்துத் தள்ளுகிறார். அடித்த மண்ணுக்குள் கொஞ்சம் இறங்கும் என்பார்கள். ரோலர் விட்டு இறுக்கிய மண்ணில் இறங்குவது சொற்பம். பானையில் கல் போட்டுத் தண்ணீரை மேலே கொண்டுவந்த காக்கையின் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்கிறோம். தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூரில் அந்தக் கல் மனைப்பிரிவு, மேலே வரும் தண்ணீர் பழைய வீட்டுக்காரரின் கூடத்துக்குள் வருகிறது. இதே கணக்கைப் பத்து ஏக்கர் மனைப்பிரிவுக்குப் போட்டால் 37,000 கன மீட்டர், மூன்று கோடியே எழுபது லட்சம் லிட்டர்.

மேட்டு நிலத்தில் இந்தக் கணக்கு பொருந்தாது. தாம்பரம் சானடோரியம் பக்கமோ, வண்டலூர் மலையடிவாரத்திலோ மூன்றடி உயர்த்துவதால் யாருக்கும் பெரிதாகத் தண்ணீர் போகாது. ஆனால் அங்கெல்லாம் யாரும் மண் அடிப்பதில்லை. மண் அடிக்கப்படுவது, தண்ணீர் நிற்கும் இடத்தில் மட்டும்தான்.

அப்படிப்பட்ட இடங்கள் இந்தப் பகுதியில் எங்கெங்கே என்பது ரகசியமல்ல. மேற்கே, ஆதனூர், மாலைப்பட்டு ஏரிகளிலிருந்து புறப்படும் அடையாறு, மண்ணிவாக்கத்தையும் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் தொட்டுக்கொண்டு திருநீர்மலைப் பக்கம் போகிறது. ஆற்றின் இரு பக்கமும் ஏரிப் பாசனத்தில் விளைந்த நஞ்சைகள் இருந்தன. கிழக்கே சிட்லபாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஓர் ஏரியின் கலங்கலிலிருந்து வழிவது அடுத்த ஏரிக்குப் போய், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்கிறது. பல்லாவரம், தாம்பரம் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே கெட்டியான சார்னோகைட் பாறை தட்டும். மழை ஆழமாக இறங்க வழியில்லாத இந்தத் தரையில் அதை மேலேயே தேக்கிவைக்க வேண்டியிருந்தது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்று சொல்ல வைத்த அத்தனை ஏரிகளும் அப்படி வந்தவை. ஏரிக்கும் ஏரிக்கும் நடுவிலிருந்த வயல்கள் பயிர் விளைந்த இடங்கள் மட்டுமல்ல; பெருமழையில் இரண்டு மூன்று நாள் தண்ணீரை ஏந்தி வைத்திருந்து மெதுவாக விட்ட இடங்களும் அவைதான்.

இங்கே ஓர் எதிர்வாதம் வரும்: நஞ்சை மட்டும் இயற்கையாக வந்ததா? காட்டைத் திருத்தி, மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டு, பரம்படித்து மட்டமாக்கியதுதானே வயல்? நம் முன்னோர் செய்ததைத்தானே இப்போது எந்திரத்தால் செய்கிறோம்? நல்ல கேள்வி. வேறுபாடு கருவியில் இல்லை. வயலைத் திருத்தியவர் அதே வயலின் மண்ணை இடம் மாற்றினார். வெளியிலிருந்து லாரியில் கொண்டுவந்து கொட்டவில்லை. அவருடைய மட்டம் மேல் வயலின் மடைக்கும் கீழ் வயலின் மடைக்கும் கட்டுப்பட்டது. வரப்பை ஒரு சாண் கூட்டிக் கட்டினால் மேல்வயல்காரர் அன்றைக்கே சண்டைக்கு வருவார், விவகாரம் ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போகும். அடுத்தவரின் தண்ணீரைக் கணக்கில் எடுக்காமல் அவரால் நிலத்தைத் திருத்தவே முடியாது. இன்றைய மனைப்பிரிவுத் திட்டம் சர்வே எண்ணின் எல்லைக்கோட்டோடு முடிந்துவிடுகிறது. சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் என்ன மட்டம், தண்ணீர் எந்த வழியாக வருகிறது, நாளை எந்த வழியாகப் போகும் என்பது வரைபடத்தில் வெள்ளைத் தாளாக விடப்பட்டிருக்கிறது.

இது வியாபாரியின் பேராசை மட்டும் என்றால் சட்டத்தை இறுக்கினால் தீர்ந்துவிடும். துயரம் என்னவென்றால், மண் அடிக்கச் சொல்வது அரசாங்கமே. பெரிய மனைப்பிரிவுக்கோ அடுக்குமாடிக்கோ அனுமதி வாங்க, வெள்ள அபாயம் குறித்து நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். தாழ்ந்த இடம் என்றால், அந்தச் சான்றின் நிபந்தனைகளில் பெரும்பாலும் முதலில் வருவது, கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் வரும்வரை மண் நிரப்பி, இறுக்கி, மனையை உயர்த்த வேண்டும் என்பது. கால்வாயை அடைக்கக் கூடாது, வடிகால் அமைக்க வேண்டும், மழைநீரைச் சேகரிக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் உண்டு. அவற்றை மறைத்துப் பேசுவது நியாயமாகாது. ஆனாலும் அந்தக் கடிதம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இந்த மனை மூழ்குமா? இந்த மனையை உயர்த்தினால் வேறு எது மூழ்கும் என்ற கேள்வி அதில் இல்லை. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியாகப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் சரியான பதிலையே தருகிறார்கள். நூறு சரியான பதில்களைக் கூட்டினால் ஒரு வெள்ளம் வருகிறது.

சாலை விஷயத்தில் இதே அரசாங்கம் உண்மையைப் புரிந்துகொண்டது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டதால் வீடுகள் சாலைக்குக் கீழே போய்விட்டன என்பதை ஏற்று, சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். சாலை உயர்ந்தால் பக்கத்து வீட்டுக்குள் தண்ணீர் போகும் என்றால், பத்து ஏக்கர் நிலம் உயர்ந்தால் போகாதா?

மேற்குத் தாம்பரத்திலும் சேலையூரிலும் 1980களில் கட்டிய வீடுகளின் வாசலில் நின்று பார்த்தால் நான் சொல்வது விளங்கும். தெருவிலிருந்து இரண்டு படி இறங்கித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். கட்டிய காலத்தில் அந்த வீட்டுக்கு மூன்று படி ஏறினார்கள். வீடு புதையவில்லை, சுற்றியிருந்ததெல்லாம் உயர்ந்தது. எதிர் மனைக்காரர் மண் அடித்தார், அவரைப் பார்த்துப் பக்கத்து மனைக்காரர் இன்னும் ஓரடி கூடுதலாக அடித்தார். இப்போது பழைய வீட்டுக்காரருக்கு மிச்சமிருப்பது, ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குவது. அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள், லட்சக்கணக்கில் செலவாகிறது. ஓய்வூதியத்தில் வாழும் ஒருவர் தன் சேமிப்பைப் போட்டு வீட்டைத் தூக்க வேண்டிய நிலைமை, எதிரே இருப்பவரின் மனை மேம்பாட்டுச் செலவில் ஒரு பகுதி. அது எந்த மனையின் விலையிலும் சேர்க்கப்படவில்லை. தூக்கக் காசில்லாதவர் ஒவ்வொரு ஐப்பசியிலும் அரிசி மூட்டையையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் பரணுக்கு ஏற்றுகிறார்.

அரசாங்கமும் இதே செலவைச் செய்கிறது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதியின் வெள்ளத்தை அடையாற்றில் சேர்க்கப் பொதுப்பணத்தில் மூடு கால்வாய்கள் வெட்டப்பட்டன. வேண்டிய பணிதான். ஆனால் முன்பு வயல்கள் இலவசமாகச் செய்த வேலையை இப்போது கான்கிரீட் செய்கிறது. வயல் இருந்த இடத்தை உயர்த்தி விற்ற லாபம் ஒருவரிடமும், கால்வாயின் செலவு எல்லாரிடமும் போய்ச் சேர்ந்திருக்கிறது. நிர்வாக எல்லைகளும் உதவவில்லை. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது முடிச்சூர் ஊராட்சியாகவே வெளியே நின்றது. முடிச்சூர் செங்கல்பட்டு மாவட்டம், அடுத்திருக்கும் வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டம். தண்ணீர் இந்த எல்லைகளை ஒரே மழையில் கடந்துவிடுகிறது; மண் அடிக்கும் அனுமதியைப் பார்க்கும் கோப்பு கடப்பதில்லை.

அடிக்கும் மண் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்க வேண்டும். சவுடு என்றால் ஏதோ ஓர் ஏரியின் வயிற்றிலிருந்து. கிராவல் என்றால் ஏதோ ஒரு மேட்டை அறுத்து. இரண்டும் இல்லையென்றால் இடித்த கட்டடத்தின் கழிவு. ஓரிடத்தின் பள்ளத்தை மூட இன்னோரிடத்தில் பள்ளம் பறிக்கிறோம். 1863 மே 30-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கருவியை அடையாளம் கண்டது பல்லாவரத்தின் ஒரு கிராவல் குழியில். இந்தச் செம்மண் சரளையில் என்ன இருக்கிறது என்று படித்துப் பார்த்த ஒருவரால் இந்தத் துணைக்கண்டத்தின் மனித வரலாறே பின்னுக்கு நீண்டது. இன்றைக்கு அதே சரளை யூனிட் கணக்கில் வந்து இறங்குகிறது.

துப்புரவு செய்வதன் வேகமே இந்தக் குறையைப் பிடிக்க முடியாமல் செய்கிறது. பல இடங்களில் மனைப்பிரிவுக்கான விண்ணப்பம் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கு (சிஎம்டிஏ) போவதற்கு முன்பே பொக்லைன் வந்துபோய்விடுகிறது. புதர் போகிறது, புதரோடு வரத்துக் கால்வாயின் கரை போகிறது, வரப்புகள் போகின்றன, ஓரத்திலிருந்த குட்டை போகிறது. அதிகாரி வந்து பார்க்கும்போது சமதளமான சிவந்த தரை இருக்கிறது. அந்தத் தரையின் மட்டத்தை அளந்து வரைந்த வரைபடம் பொய்யில்லை; ஆனால் அது நிலத்தின் வரைபடமும் இல்லை. நகர் ஊரமைப்புச் சட்டம் 1971, வளர்ச்சிப்பணி என்பதற்குள் கட்டடத்தோடு நிலத்தின் மேல் செய்யும் பொறியியல் பணிகளையும் சேர்த்திருக்கிறது. நடைமுறையில் தரையைத் துடைப்பதையும் உயர்த்துவதையும் யாரும் வளர்ச்சிப்பணி என்று எண்ணுவதில்லை. அதைத் திட்டத்துக்கு முந்திய வீட்டுவேலையாகப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், திட்டத்தில் மிகப் பெரிய முடிவு அதுதான். வீட்டை இடித்துக் கட்டலாம், சாலையை மாற்றிப் போடலாம். நிலத்தின் பழைய மட்டத்தை அளந்து வைக்காமல் மூடிவிட்டால் திரும்பப் பெற வழியே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வழக்குப் போட்டாலும், முன்பு என்ன மட்டம் இருந்தது என்று நிரூபிக்க அவரிடம் எந்தத் தாளும் இல்லை.

வேறு விதமாகச் செய்ய முடியாதா? இதே தாம்பரத்தில் செய்திருக்கிறார்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் இங்கே இடம்பெயர்ந்தபோது 300-க்கும் மேற்பட்ட ஏக்கர் புதர்க்காடு அதற்குக் கிடைத்தது. அதை முழுக்கத் துடைத்துவிட்டுக் கட்டவில்லை. கட்டடங்களைக் காட்டுக்குள் இடம் பார்த்து வைத்தார்கள். வேதியியல் பேராசிரியரான எட்வர்ட் பார்ன்ஸ் தாவரங்களைப் பேரார்வத்தோடு படித்தவர். அவரும் அவர் மனைவி ஆலிஸும் அந்த வளாகத்தின் மரங்களைப் பேணி வளர்த்தார்கள். இன்றும் அங்கே மழை விழுந்தால் மண்ணில் இறங்குகிறது. ஒரே உரிமையாளர், பரந்த நிலம், அவசரமில்லாத காலம்; 600 சதுர அடி மனைக்கு இதை அப்படியே எடுத்துக்காட்டாகச் சொல்ல முடியாது என்பது தெரியும். ஆனால் அந்த 600 சதுர அடி மனைகளைப் பத்து, இருபது ஏக்கராக வாங்கிப் பிரிப்பவரும் தொடக்கத்தில் ஒரே உரிமையாளர்தான். நிலத்தை முதலில் படித்துவிட்டுப் பிறகு கை வைக்கும் வாய்ப்பு அந்த ஒரு கட்டத்தில் அவருக்கு இருக்கிறது.

வீடு நனையாமல் இருக்க நிலம் முழுவதையும் உயர்த்தத் தேவையில்லை, வீடு உயர்ந்தால் போதும். தூண்கள் மேல் தளம் போட்டுக் கீழே வண்டி நிறுத்த நம் கட்டட விதிகளே இடம் தருகின்றன. வீட்டின் அடிக்கு மட்டும் பேஸ்மட்டத்தைத் தூக்கிவிட்டு, சுற்றியுள்ள மண்ணைப் பழைய மட்டத்திலேயே விட்டால் தள்ளப்படும் தண்ணீர் பெருமளவு குறையும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். இப்போது அந்த இடத்தையும் சேர்த்தே உயர்த்துகிறார்கள், அல்லது விற்காத மூலையைத் தள்ளிவிடுகிறார்கள். நிலத்தின் ஆகத் தாழ்ந்த பகுதியே திறந்தவெளியாக வர வேண்டும், அதில் ஒரு கூடை மண்ணும் விழக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தால், ஒவ்வொரு மனைப்பிரிவுக்கும் ஒரு குட்டை கிடைக்கும். அங்கே வெட்டும் மண் வீடுகளின் அடிக்கு உதவும். ஏரி மண்ணுக்கு அத்தனை லாரி அனுப்ப வேண்டாம். வெயில் காலத்தில் பிள்ளைகள் அங்கே பந்தாடலாம்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது, பொக்லைன் நிலத்தில் இறங்கும் முன் மட்டத்தை அளப்பது. அளந்ததைக் கிராம வரைபடத்தோடும் புலப்படத்தோடும் ஒப்பிட்டு, யாரும் பார்க்கும்படி பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு எண் இல்லாத நிலத்துக்கு மனைப்பிரிவு அனுமதி பரிசீலனைக்கே வரக் கூடாது. நீர்வளத் துறையின் சான்று, இந்த மனைக்கு இவ்வளவு மண் என்று சொல்வதற்குப் பதிலாக, இந்த மனை இவ்வளவு தண்ணீரை முன்பு ஏந்தியது, பிறகும் அவ்வளவு ஏந்த வேண்டும் என்று சொல்ல வேண்டும். எப்படி ஏந்துவது என்பது பொறியாளரின் திறமை. மனையின் பழைய மட்டமும் புதிய மட்டமும் விற்பனைப் பத்திரத்தில் அச்சாக வேண்டும்; எத்தனை அடி மண்ணின் மேல் கடைக்கால் போடுகிறோம் என்பது வாங்குபவருக்கும் தெரிய வேண்டும்.

மனை விலை ஏறும், எளியவர்கள் வாங்க முடியாது என்று சொல்வார்கள். ஏறும்தான். ஆனால் 2015-இல் முடிச்சூரில் படகில் மீட்கப்பட்டவர்கள் யார்? கடன் வாங்கி மலிவாக ஒரு கிரவுண்டு, அரை கிரவுண்டு வாங்கியவர்கள்தான். மலிவு என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டதன் மீதித் தொகையை அவர்கள் அந்த ஒரே இரவில் கட்டினார்கள். இந்திய தணிக்கைத் துறை அந்த வெள்ளத்தை மனிதர்களால் வந்த பேரிடர் என்று எழுதியபோது எல்லாரும் செம்பரம்பாக்கம் ஏரியின் மதகைப் பற்றியே பேசினார்கள். முடிச்சூருக்குச் செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் வரவில்லை; அந்த ஏரியின் உபரி ஆற்றில் சேர்வது முடிச்சூருக்குக் கீழே, திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரை மூழ்கடித்தது அதன் மேற்புறத்து ஏரிகளின் தண்ணீரும், அது நின்று போக இடமில்லாமல் ஆக்கப்பட்ட தரையும்.

சென்னைப் பெருநகரின் திட்டப் பரப்பு 2022-இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அரக்கோணம் வரை போகும் அந்தப் பரப்புக்குள் இன்னும் மதகு திறந்து பாசனம் நடக்கும் ஏரிகள் இருக்கின்றன, அவற்றின் கீழே மண் அடிக்கப்படாத நஞ்சைகள் இருக்கின்றன. மூன்றாவது முழுமைத் திட்டம் அவற்றுக்கும் சேர்த்துத்தான் எழுதப்படுகிறது. எந்த நிலத்தில் எத்தனை மாடி என்று அது வண்ணம் தீட்டுவதற்கு முன்னால், அந்த நஞ்சைகளின் இன்றைய மட்டத்தை அளந்து பொதுப்பதிவில் ஏற்றும் வேலையைத் தொடங்கலாம். அளப்பதற்குக் கருவிகள் இருக்கின்றன, ஆட்கள் இருக்கிறார்கள், அந்த நிலங்களில் பெரும்பகுதிக்குப் பொக்லைன் இன்னும் போகவில்லை.